டெர்பி பக்கம் ஒரு நாள்: சாட்ஸ்வொர்த்தா கெடில்ஸ்டனா? போனவங்க இருந்தா சொல்லுங்க

கோபி_அம்மணி

எல்லாருக்கும் வணக்கமுங்க. பொண்ணும் மாப்பிள்ளையும் இங்கிலாந்துல டெர்பியில இருக்கறாங்க, பேரன் பொறந்திருக்கறான், வைகாசியில நானும் எங்கூட்டுக்காரரும் போறோம். அங்க போயி முச்சூடும் கொழந்தையப் பாத்துக்கறதுதான் சோலி, ஆனா ஒரே ஒரு சனிக்கெழம மாப்பிள்ளை காரெடுத்துட்டு எங்கயாச்சும் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கறாரு. லண்டன் எல்லாம் வேண்டாம்னுட்டோம், கைக்கொழந்தைய வெச்சுட்டு அவ்ளோ தூரம் ஆகாது. பக்கத்துலயே பழைய பிரபுக்களோட பெரிய பெரிய வீடு இருக்குதாமா, சுத்தி நூத்துக்கணக்கான ஏக்கர்ல தோட்டம், குளம், காடு. சாட்ஸ்வொர்த்னு ஒண்ணு, கெடில்ஸ்டன்னு ஒண்ணு, எது வேணும்னு நீங்களே சொல்லுங்கங்கறா பொண்ணு.

எங்கூட்டுக்காரருக்கு இதுல இஷ்டமே இல்லீங்க. மைசூர் அரமனையவே பாத்தாச்சு, அதுக்கு மேல வெள்ளைக்காரன் கட்டில் மெத்தையில என்னத்தப் பாக்கறதுங்கறாரு. அவரு தோட்டத்து ஆளுங்க, தடப்பள்ளி வாய்க்காப் பாசனம், நெல்லு, மஞ்சள், கொஞ்சம் ஜி9 வாழை. நாலு செவுத்துக்குள்ள நின்னு படம் பாக்கச் சொன்னா அரை மணி நேரத்துல வெளிய போயி ஒக்காந்துக்குவாரு. எனக்கு என்னமோ ஒருக்கா பாத்துரணும்னு ஆசை. எனக்கு முட்டிவலி வேற இருக்குது, நாங்க ரெண்டு பேரும் சைவம். ரெண்டு எடத்தையும் ஒரே நாள்ல ஒட்டுக்கா பாத்துர முடியுமுங்களா? டிக்கெட் காசுக்கு வொர்த்துங்களா? போனவங்க சொல்லுங்க.

ஆழியார்_தோப்பு

அம்மணி, ஒரே நாள்ல ரெண்டும் வேண்டாமுங்க. ஓடி ஓடிப் பாத்தா ரெண்டுமே மனசுல நிக்காது. உங்கூட்டுக்காரரு வெவசாயின்னு சொன்ன பொறவு ரோசனையே வேண்டாம், சாட்ஸ்வொர்த் போங்க. பையன் ஷெஃபீல்டுல படிச்சப்ப நாங்க போயிருக்கோம்.

அவருகிட்ட அரமனைன்னு சொல்லாதீங்க, வாழைன்னு சொல்லுங்க. நீங்க போட்டிருக்கற ஜி9 இருக்குதுல்ல, அது கேவண்டிஷ் ரகம். அந்தக் கேவண்டிஷ் யாருன்னா இந்த சாட்ஸ்வொர்த் வீட்டுக்காரங்க குடும்பப் பேருதான், டெவன்ஷயர் டியூக்னு பட்டம், ஊட்டுப் பேரு கேவண்டிஷ். ஆறாவது டியூக் காலத்துல ஜோசப் பாக்ஸ்டன்னு ஒரு ஹெட் கார்டனர், 1826ல வேலைக்குச் சேரும்போது இருவத்தி சில்லறை வயசு. அந்தாளு 1830 வாக்குல மொரீஷியஸ் பக்கமிருந்து வந்த ஒரு வாழைக்கன்ன வாங்கி, அந்தக் குளுருல கண்ணாடி வீட்டுக்குள்ள சூடு போட்டு வளத்தி, 1835ல பூ விட வெச்சு தாரும் எடுத்தாரு. மொதலாளி பேரையே அதுக்கு வெச்சாங்க. அங்கிருந்து கன்னு பசிபிக் தீவு வரைக்கும் போச்சு. அப்பவெல்லாம் அது பெரிய வியாபார ரகம் இல்லீங்க, வெளிநாட்டுச் சந்தையில க்ரோ மிஷேல்னு வேற ஒரு வாழைதான் ராஜா. பனாமா வாடல் நோய் வந்து 1950கள்ல அது படுத்த பொறவுதான் கேவண்டிஷ் அந்த எடத்துக்கு வந்துச்சு. இன்னைக்கு ஒலகத்துல ஏத்துமதி ஆகற வாழைப்பழம் கிட்டத்தட்ட எல்லாமே கேவண்டிஷ் வகைதான், திசு வாழைன்னு நம்ம சத்தி கோபி பக்கம் நடறதும் அந்த வம்சமே.

அடுத்தது தண்ணி. இதுக்குத்தான் உங்கூட்டுக்காரரு அங்கியே நின்னுக்குவாரு பாருங்க. வீட்டுக்குத் தெக்க நீளமா ஒரு குளம், அதுல ஒரு ஃபவுண்டன், எம்பரர்னு பேரு. ரஷ்யாவோட ஜார் மன்னர் நிக்கலஸ் வரப்போறாருன்னு 1844ல பாக்ஸ்டன் அவசர அவசரமா கட்டுனது, ஜார் வரவே இல்ல. மோட்டாரே கிடையாதுங்க. மேல மலையில எட்டு ஏக்கருக்கு ஒரு ஏரிய ஆறே மாசத்துல தோண்டி, சுத்து வட்டாரத்துல மேட்டுல ஓடற ஓடைத் தண்ணிய வாய்க்கா வெட்டி அதுல சேத்தி, அங்கிருந்து குழாய்ல கீழ எறக்குனாங்க. எறங்கற வேகத்துலயே தண்ணி மேல பீச்சுது, அந்தக் காலத்துல 296 அடி வரைக்கும் போயிருக்குதுன்னு கணக்கு இருக்குது. இப்ப தண்ணி இருக்கறதப் பொறுத்து உசரம் கம்மியாத்தான் உடுவாங்க, காத்து எச்சா அடிச்சா இன்னுமே கம்மி. வால்வ தொறந்தா தண்ணி, அவ்ளோதான். அதே தண்ணியில 1893ல டர்பைன் வெச்சு வீட்டுக்கு கரண்டு எடுத்திருக்காங்க, 1936 வரைக்கும் ஓடுச்சு, பொறவு 1988ல புதுசு போட்டாங்க. நம்ம கோயமுத்தூரு மில்லுகளுக்கு பைக்காரா கரண்டு வந்ததே 1930கள்லதான், நெனச்சுப் பாருங்க.

கேஸ்கேடுன்னு படிக்கட்டு மாதிரி தண்ணி எறங்கற எடம் ஒண்ணு இருக்குது, 1696ல பிரெஞ்சுக்காரர் ஒருத்தர் போட்ட டிசைன். அது கசிவு சரி பண்றதுக்காக ரொம்ப நாளா தண்ணி உடாம வெச்சிருக்காங்க, போறதுக்கு முன்னாடி அவங்க வெப்சைட்ல ஒரு தரம் பாத்துக்கோங்க. ஒரு வில்லோ மரம் இருக்குது, செம்புல செஞ்சது, நெசமரம்னு கிட்டப் போனா கிளையெல்லாம் தண்ணியப் பீச்சி அடிக்கும். மாப்பிள்ளைய முன்னாடி உட்டுப் பாருங்க.

எங்கூட்டம்மா கேட்டா வீட்டுக்குள்ளதான் நல்லா இருக்குதும்பா. ஓவியம் வரஞ்ச பெரிய ஹால், கூரை முச்சூடும் சித்திரம். ஒரு கதவுல வயலின் மாட்டியிருக்கற மாதிரி இருக்கும், அது வயலினே இல்ல, பெயிண்டு. சிலைகள் இருக்கற கூடத்துல முக்காடு போட்ட பொண்ணு சிலை ஒண்ணு, மான்ட்டின்னு இத்தாலிக்காரர் செஞ்சது, கல்லுல சல்லாத் துணிய எப்படிச் செஞ்சாங்கன்னு எனக்கு இன்னும் புரியல. நூத்துக்கு மேல ரூம் இருக்குது, நமக்குக் காட்டறது அதுல ஒரு பகுதிதான், அதுக்கே நடந்து நடந்து காலு போயிரும்.

பின்னலாடை

ஆழியார் அண்ணன் சொல்றது சரி, ஆனா கெடில்ஸ்டன அப்படித் தள்ளிராதீங்க அக்கா. டெர்பியில இருந்து அஞ்சு மைலுதான், உங்க பொண்ணு வீட்ல இருந்து கால் மணி நேரத்துல போயிரலாம். நான் திருப்பூர்ல கார்மெண்ட்ஸ் லைன்ல இருக்கறேன், பையர் மீட்டிங்குக்கு லெஸ்டர் போன எடத்துல ஒரு மத்தியானம் சும்மா கெடைச்சுது, அப்ப போனது.

அது கர்சன் பிரபுவோட பரம்பரை வீடு, அதான் 1899ல இருந்து 1905 வரைக்கும் இந்தியாவுல வைஸ்ராயா இருந்தாரே அவரேதான். இந்த வீட்டு டிசைனப் பாத்துத்தான் கல்கத்தாவுல கவர்னர் மாளிகைய வெல்லெஸ்லி கட்டுனாரு, இப்ப கவர்னர் இருக்கறதும் அங்கதான். அதனால முன்னாடி போயி நின்னா அட இத எங்கயோ பாத்திருக்கமேன்னு தோணும். கீழ ஒரு மியூசியம், கர்சன் கெழக்கு நாடுகள்ல இருந்து அள்ளிட்டுப் போன சாமான் எல்லாம் அங்க.

நான் போனது ஒரே ஒரு துணிக்காக. கர்சன் சம்சாரம் மேரி 1903 டெல்லி தர்பார்ல போட்ட மயில் கவுன். டெல்லி ஆக்ரா பக்கத்து கைவேலைக்காரங்க தங்க சரிகையில மயில் எறகு மயில் எறகா நெறைச்சு எம்ப்ராய்டரி பண்ணி, துண்டு துண்டா பாரிஸ் அனுப்பி, அங்க வொர்த்ங்கற தையல் கம்பெனியில தைச்சிருக்காங்க. ஒவ்வொரு எறகோட கண்ணுலயும் பச்சையா ஒண்ணு மின்னும், கல்லுன்னு நெனைப்பீங்க, அது வண்டோட எறக்கை. வெயிட்டு தாங்காம அந்தம்மா எப்படி நின்னுச்சோ. நாங்க ஜாப் ஒர்க் குடுத்து வாங்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல ஆனா வேலை பிரிச்சுக் குடுக்கற முறை பாருங்க, எம்ப்ராய்டரி இங்க, தையல் அங்க, பேரு தைச்ச கம்பெனிக்கு. நூத்தி இருவது வருசமா எங்க தொழில் அப்படியேதான் இருக்குது.

இன்னொண்ணு, கெடில்ஸ்டன் நேஷனல் டிரஸ்ட்னு பழைய வீடுகளப் பாதுகாக்கற ஒரு அமைப்பு கையில இருக்குது, சாட்ஸ்வொர்த் அப்படி இல்ல, அது தனி. பொண்ணு மாப்பிள்ளை நேஷனல் டிரஸ்ட் மெம்பரா இருந்தா கெடில்ஸ்டன்ல அவங்களுக்கு டிக்கெட் வேண்டாம், அந்த கார்டு சாட்ஸ்வொர்த்ல செல்லாது.

ஓடாநிலை

எல்லாம் சரி, மயில் கவுன், ஃபவுண்டன். இந்த வீடுகளுக்கு எல்லாம் காசு எங்கிருந்து வந்துச்சுன்னு யாரும் பேச மாட்டேங்கறீங்களே.

அவ்ளோ தூரம் போறதுன்னா வேல்ஸ் எல்லையத் தாண்டி பொவிஸ் கேஸில் போங்க. அங்க கிளைவ் மியூசியம்னு ஒண்ணு இருக்குது, திப்பு சுல்தானோட கூடாரம், சிம்மாசனத்துல இருந்த தங்கப் புலித்தலை எல்லாம் அங்கதான் கெடக்குது. பலாசிப் போர்ல ஜெயிச்ச ராபர்ட் கிளைவோட மகன் எட்வர்ட் கிளைவ் 1798ல இருந்து 1803 வரைக்கும் மெட்ராஸ் கவர்னர். 1799ல ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது அவன் காலத்துலதான், நம்ம கோயமுத்தூர்ச் சீமை கம்பெனி கைக்குப் போனதும் அப்பத்தான். தீரன் சின்னமலை ஓடாநிலையில கோட்டை கட்டி நின்னது யாருக்கு எதிரா? இவங்களுக்கு எதிராத்தானே. அவர சங்ககிரியில தூக்குல போட்டது 1805. நாம டிக்கெட் எடுத்துட்டுப் போயி ஸ்கோன்னு அவங்க பன்னத் தின்னுட்டு ஆஹா ஓஹோன்னுட்டு வர்றோம்.

நான் சொல்றது கோவத்துல சொல்றது இல்ல. நேஷனல் டிரஸ்ட்டே 2020ல ஒரு அறிக்கை போட்டாங்க, அவங்க கையில இருக்கற எடங்கள்ல 93க்கு அடிமை வியாபாரத்தோடயோ காலனி ஆட்சியோடயோ தொடர்பு இருக்குதுன்னு. அவங்க ஊருலயே அதுக்குப் பெரிய சண்டை நடந்துச்சு.

கொறங்காடு

ஓடாநிலை தம்பி, பொவிஸ் பத்திச் சொன்னது நூத்துக்கு நூறு. ஆனா டெர்பியில இருந்து அது கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம், கைக்கொழந்தைய வெச்சுட்டு அந்தம்மா எப்படிங்க போவாங்க. அதுவுமில்லாம எல்லா வீட்டையும் ஒரே கணக்குல எழுத முடியாது. சாட்ஸ்வொர்த் குடும்பத்துக்கு மொதல் காசு வந்தது நம்மகிட்ட இருந்து இல்ல. எட்டாம் ஹென்றி ராஜா மடாலயங்களக் கலைச்சு நெலத்தப் புடுங்குனாரே, அந்த வேலைக்குப் போன அதிகாரிகள்ல ஒருத்தருதான் வில்லியம் கேவண்டிஷ். அந்த வேலையில வளந்தவரு 1549ல சாட்ஸ்வொர்த்த வாங்குனாரு, அவரு சம்சாரம் பெஸ், ஹார்ட்விக் ஊர்க்காரி, வீட்டக் கட்ட ஆரம்பிச்சா. மடத்து நெலத்த வெச்சு மேல வந்த குடும்பம் நம்ம பக்கமும் உண்டு, பேரு வேண்டாம். பொறவு செம்புச் சுரங்கம், அயர்லாந்துல எஸ்டேட்டு, குடியானவங்க குத்தகை. இப்ப நாம பாக்கற வீட்டுல பெரும்பகுதி மொதல் டியூக் 1687ல இருந்து 1707 வரைக்கும் இடிச்சு இடிச்சுக் கட்டுனது.

அவங்க சொந்தச் சனத்தையும் உட்டு வெக்கலீங்க. எடென்சர்னு ஒரு ஊரு, இதே ஆறாவது டியூக் காலத்துல, பார்க்குல இருந்து பாத்தா கண்ணுக்கு எடைஞ்சலா இருக்குதுன்னு வீடுகள இடிச்சு 1838க்கு மேல மேட்டுக்கு அந்தப்பக்கம் புதுசாக் கட்டிக் குடுத்தாங்க. இப்ப அந்த ஊரு பாக்க அழகா இருக்குதுன்னு சனங்க போட்டோ எடுக்கறாங்க, போற வழிதான், நிறுத்திப் பாருங்க.

எனக்கு இதுல சுவாரசியம் என்னன்னா எப்படி இன்னும் அது நிக்குதுங்கறதுதான். நம்ம பக்கம் ஜமீன், பட்டக்காரர் வீடு எத்தனை இடிஞ்சு கெடக்குது. பழையகோட்டைப் பட்டக்காரரு காங்கேயம் மாட்ட காப்பாத்துனதால அந்தப் பேரு இன்னும் சொல்றோம், மத்ததெல்லாம் பாகப் பிரிவினையில போச்சு. அங்க 1950ல பத்தாவது டியூக் செத்தப்ப சொத்துல 80 சதவீதம் வரி. முன்னாடியே மகன் பேருக்கு மாத்தி வெச்சிருந்தாரு, சட்டப்படி அஞ்சு வருசம் உசுரோட இருந்திருக்கணும், சில மாசத்துல தவறிப் போச்சு. ஆயிரக்கணக்கான ஏக்கர வித்து, பேர் போன ஓவியங்களக் குடுத்து, பெஸ் கட்டுன ஹார்ட்விக் ஹாலையே அரசாங்கத்துக்கு எழுதிக் குடுத்து, 1970கள் வரைக்கும் கட்டியிருக்காங்க. 1977ல எஸ்டேட்டு கறி, பாலு, காய்கறி விக்க ஃபார்ம் ஷாப் தொறந்தாங்க. 1981ல வீட்டையே ஒரு டிரஸ்ட்டுக்கு நீண்ட குத்தகைக்கு உட்டு, இப்ப டியூக் குடும்பம் அதுல வாடகை குடுத்துக் குடியிருக்குது. டிக்கெட் காசுதான் கூரைக்கு ஈயத் தகடு போடுது.

அப்பறம் அக்கா, உங்கூட்டுக்காரர ஒண்ணு பாக்கச் சொல்லுங்க. இந்த மாதிரி வீடுகள்ல ஆடு மாடு வீட்டு வாசல் வரைக்கும் மேயற மாதிரி தெரியும், வேலியே இருக்காது. கிட்டப் போனாத்தான் தெரியும், ஒரு பள்ளம் வெட்டி ஒரு பக்கம் செங்குத்தா செவுரு கட்டியிருப்பாங்க, ஹா-ஹான்னு அதுக்குப் பேரு. மாடு அந்தப் பக்கம் நின்னுக்கும், வீட்ல இருந்து பாத்தா கண்ணு தடையில்லாம பச்சையாப் போயிட்டே இருக்கும். எங்க ஊருல மாடு மேயற கொறங்காட்டுக்கு கிளுவை வேலி போட்டு மூணு தலைமுறையா வெட்டிக்கட்டிட்டு இருக்கறோம், எனக்கு அதப் படிச்சதும் ஒரு ரெண்டு ஏக்கருக்கு பண்ணிப் பாக்கலாமான்னு ஆசை வந்துச்சு, மண்ணு சரியில்ல.

மேட்டுப்பாளையத்தான்

இதுக்கு எதுக்குங்க ஃப்ளைட்டு, ஊட்டி பொட்டானிக்கல் கார்டன் போனாப் போதாதா. 1848ல மெக்ஐவர்னு ஒரு ஸ்காட்லாந்து தோட்டக்காரர் போட்டதுதானே, அதே புல்லு, அதே மழை, மிளகா பஜ்ஜியும் கெடைக்கும் 😀

ஆழியார்_தோப்பு

மே மாசம் ஊட்டி மேல ஏர்றதுக்கு இ-பாஸ் வாங்கி, டிராபிக்ல நிக்கறதுக்குள்ள டெர்பி போயி எறங்கிரலாம் சாமி.

கோபி_அம்மணி

அய்யோ எத்தன விசியம் சொல்லியிருக்கறீங்க, எல்லாருக்கும் நெம்ப நன்றிங்க. நேத்து ராத்திரி எங்கூட்டுக்காரருக்கு சத்தமா படிச்சுக் காட்டுனேன். வாழை கதை வந்ததும் டிவிய ஆஃப் பண்ணிட்டாரு. ஏரி எத்தன அடி மேல இருக்குது, குழாய் எத்தன இஞ்சுன்னு என்னையப் போட்டுக் கேக்கறாரு, எனக்கு என்ன தெரியும். ஓடாநிலை தம்பி சொன்னதையும் படிச்சேன், நீங்க சொன்னதுல நியாயம் இருக்குது கண்ணு, பொவிஸ் அடுத்த தடவை பேரன் நடக்க ஆரம்பிச்ச பொறவு பாத்துக்கறோம்.

சாட்ஸ்வொர்த்னு முடிவு பண்ணியாச்சு. இப்ப என்ர கேள்வி முட்டி, சோறு, மழை இந்த மூணுதான். அப்பறம் அந்த வாழை இன்னும் அங்க இருக்குதுங்களா? அதப் பாக்காம வர மாட்டேங்கறாரு.

ஆழியார்_தோப்பு

பாக்ஸ்டன் கட்டுன பெரிய கண்ணாடி மாளிகை இப்ப இல்லீங்க. 1840ல முடிச்சது, உள்ள குதிரை வண்டியிலயே போலாமாமா, அவ்ளோ பெருசு. மொதல் ஒலகப் போர்ல நெலக்கரி கெடைக்காம சூடு போட முடியல, செடியெல்லாம் செத்துப் போயி 1920ல வெடி வெச்சுத் தகத்துட்டாங்க. அந்த எடத்துல இப்ப செடியாலயே போட்ட வழிசுத்து இருக்குது, உள்ள போனா வெளிய வர நேரமாகும். ஆனா வேற ஒரு கண்ணாடி வீட்டுல கேவண்டிஷ் வாழை வெச்சிருக்காங்க, அது எல்லா நேரமும் தொறந்திருக்காது, டிக்கெட் எடுக்கறப்பவே கேளுங்க. அங்க கண்ணாடி வீடு கட்டிப் பழகுன கைதான் பாக்ஸ்டன், பின்னால 1851ல லண்டன் கண்காட்சிக்கு கிறிஸ்டல் பேலஸே கட்டுனாரு.

முட்டிக்கு: மேல மலை ஏர்ற பாதையெல்லாம் உங்களுக்கு வேண்டாம், மாமாவும் மாப்பிள்ளையும் போகட்டும். நீங்க காலையில தொறந்ததும் மொதல்ல வீட்டுக்குள்ள போயிருங்க, கூட்டம் வர்றதுக்கு முன்னாடி. படி எச்சா இருக்குது, லிஃப்ட் வசதி இருக்குதான்னும் கொழந்தை தள்ளுவண்டிய உள்ள உடுவாங்களான்னும் பொண்ண போன் பண்ணிக் கேக்கச் சொல்லுங்க. பொறவு அந்த நீளக்குளத்துக் கரையில பெஞ்சு இருக்கும், ஒக்காந்துட்டாப் போதும். தோட்டமே 105 ஏக்கரு, அத முழுசாச் சுத்தோணும்னு நெனைக்காதீங்க. உங்கூட்டுக்காரரு வீட்டுக்குள்ள வரவே மாட்டேன்னாருன்னா தோட்டத்துக்கு மட்டும் தனி டிக்கெட் இருக்குது, காசு மிச்சம். டிக்கெட் ஆன்லைன்ல முன்னாடியே போடுங்க, மே கடைசி வாரம் அங்க ஸ்கூல் லீவு, ஈசல் மாதிரி சனம் வரும், அந்த வாரத்தத் தவிர்த்தா நல்லது. சுத்தி இருக்கற பார்க்கு ஆயிரம் ஏக்கர், அதுக்கு டிக்கெட்டே இல்ல, கார் நிறுத்தத்தான் காசு.

சோறு: புளிச்சோறும் தயிர்சோறும் கட்டிட்டுப் போயிருங்க, தோட்டத்துல ஒக்காந்து சாப்படறதுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. பழைய குதிரை லாயத்தையே ஓட்டலா மாத்தி வெச்சிருக்காங்க, டீ காப்பிக்கு அங்க போங்க. பக்கத்து பேக்வெல்லுல புட்டிங்னு எல்லாரும் வாங்கித் தின்பாங்க, அதுல முட்டை உண்டு.

மழை: வரும்.

பின்னலாடை

அக்கா கெடில்ஸ்டன் பக்கந்தானே, ஒரு நாள் மத்தியானமா தாத்தா பேரனத் தள்ளுவண்டியில வெச்சுட்டு பார்க்குல ஒரு நடை போயிட்டு வரட்டும், நீங்க மட்டும் உள்ள போயி மயில் கவுன் பாத்துட்டு வந்துருங்க. கவுன் காட்சியில இருக்குதான்னு மட்டும் கேட்டுட்டுப் போங்க, பழைய துணி, வெளிச்சம் ஆகாதுன்னு சில சமயம் எடுத்து வெச்சுருவாங்க.

கோபி_அம்மணி

சரிங்க தம்பி அப்படியே பண்றேன். கடைசியா ஒண்ணு, கேக்கறதுக்கே வெக்கமா இருக்குது. அங்க அந்த வாழைக்கன்னு ஒண்ணு விலைக்குக் குடுப்பாங்களான்னு கேக்கறாரு. பொட்டியில வெச்சுக் கொண்டாந்துரலாமாமா.

கொறங்காடு

அக்கா அத மட்டும் செய்ய உடாதீங்க 😂 வாழைக்கன்னு வெளிநாட்டுல இருந்து கொண்டு வர்றதுக்கு இம்போர்ட் பெர்மிட், நோயில்லைன்னு சர்டிபிகேட் எல்லாம் வேணும், இல்லாம ஏர்போர்ட்ல புடிச்சா கன்னு அங்கியே போயிரும். வாடல் நோயே அப்படி மண்ணோட மண்ணா கன்னோட கன்னாத்தான் நாடு நாடாப் போச்சு, அவருக்கே தெரியும். அப்பறம் இங்கிருந்து போறப்ப நெய்யி, பால்கோவா, பால்ல செஞ்ச பலகாரம் எதுவும் வெக்காதீங்க, அந்த ஊரு கஸ்டம்ஸ்ல எடுத்துக்குவாங்க. வாழைப்பழம் வேணா கொண்டு போலாம், அதுக்குத் தடை இல்ல.